ஒய்.பி. நிக்கிறாரா?

1

போன வாரம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கை கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் குழாயில் நின்றவர் கண்ணாடியில் என் முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, கடைசியில் கேட்டேவிட்டார்.

"அண்ணே, நீங்க அந்தப் பழைய ஒய்.பி.யோட டிரைவர்தானே? அடுத்த தடவையாச்சும் அவரு நிக்கிறாரா?"

"முதல்ல சாப்பிடுவோம் பாஸ்" என்று சொல்லி நழுவிவிட்டேன். ஆனால் சோறு இறங்கவில்லை. நான் இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். காலையில் பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிட்டால் மதியம்வரை என்னைக் கேட்பாரில்லை. வீட்டுக்கு வந்து நாட்காட்டியைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் முதல் முறையாக ஓட்டுப் போட்டு ஒரு வருடம் ஆகிறது. தலை பாதி நரைத்த பிறகு போட்ட முதல் ஓட்டு. அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அறந்தாங்கியில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'யாங் பெர்ஹோர்மாட்' என்கிற மலாய்ச் சொற்களின் சுருக்கம்தான் ஒய்.பி. நம் ஊரில் மாண்புமிகு என்போமே, அதுதான். நம்மவர்கள் மாண்புமிகுவைப் பேருக்கு முன்னால் போடுவதோடு விட்டுவிடுவார்கள். இங்கே அதுவே பேராகிவிடும். கட்டிய மனைவிகூடச் சில நேரம் "ஒய்.பி. சாப்பிட வராங்களா?" என்று கேட்பார். எங்கள் ஒய்.பி. மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தார், ஆட்சிக்குழுவிலும் இருந்தார். நம் ஊர்க் கணக்கில் மாநில மந்திரி.

இங்கே சட்டமன்றத்துக்கும் பாராளுமன்றத்துக்கும் ஒரே நாளில் தேர்தல். ஒரே ஆள் இரண்டிலும் நிற்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் எங்கள் கட்சிக்குக் கிடைப்பதே கொஞ்சம் இடம், அதில் ஆளுக்கு ஒன்று என்று வைத்திருந்தார்கள். ஆகவே எங்கள் ஒய்.பி. பாராளுமன்றத்துக்குப் போகிறாரா, இருந்த இடத்திலேயே இருக்கிறாரா என்பதுதான் அந்த வருடம் முழுக்க எங்கள் ஊரான கிள்ளானில் பேச்சு.

2

நான் முதலில் அவருடைய லோரி டிரைவர். அப்போது அவர் ஒய்.பி. இல்லை, நாலைந்து லோரி வைத்துத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர். தேர்தலில் ஜெயித்ததும் என்னைக் கூப்பிட்டு, "லோரிய விட்டுட்டு என் காரை ஓட்டுறியாய்யா?" என்று கேட்டார். அரசாங்கம் ஒரு காரும் டிரைவரும் கொடுத்திருந்தது. அது அரசாங்க வேலைக்கு மட்டும் என்று கறாராக இருப்பார். தொகுதிக்குள் சுற்றுவதற்குச் சொந்தக் கார், அதற்கு நான்.

அந்தக் காரின் பின்பெட்டியைத் திறந்தால் நீங்கள் சிரிப்பீர்கள். மடக்கு நாற்காலிகள், ஒரு தார்ப்பாய், பெரிய தேநீர்க் கெண்டி, நைலான் கயிறு. எல்லாம் சாவு வீட்டுக்கு. அவர் கல்யாணத்துக்குப் போக மறந்தாலும் மறப்பார், சாவு வீட்டை விடமாட்டார். மற்ற தலைவர்கள் மாலையோடு போய்ப் பிணத்தருகே நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். இவர் நேராகப் பின்வாசலுக்குப் போவார். அங்கே தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிற பெண்களிடம், "என்னம்மா இல்ல?" என்று கேட்பார். துக்கம் விசாரிப்பது அதற்குப் பிறகுதான். எரிப்பதற்குப் போலீஸ் கடிதம் வாங்கியாயிற்றா, சவ வண்டி சொல்லியாயிற்றா, நாற்காலி போதுமா, இதெல்லாம் அவருக்கு முதல். டெங்கில் என்கிற ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் ஒரு தடவை, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கொட்டகைக்குக் கயிறு கட்டினார். வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு அவர் யாரென்றே தெரியவில்லை. "அந்த அண்ணன் நல்லா முடிச்சுப் போடுறாரு, அவர விடாதீங்க" என்று ஒரு கிழவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

இந்த மனிதர் பாராளுமன்றத்துக்குப் போனால் என்ன ஆகும்? ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றது. இருந்த பாராளுமன்ற உறுப்பினருக்கு வயதாகிவிட்டது, உடம்பும் சரியில்லை, இந்த முறை விலகிவிடுவார் என்று பேச்சு. அந்த இடத்துக்கு எங்கள் ஆளை விட்டால் யாரும் இல்லை என்பது ஒரு கட்சி. "பெரிய தொகுதிங்க. எங்க சாவுக்கெல்லாம் அவரு வர முடியுமா?" என்பது இன்னொரு கட்சி.

எல்லோருக்கும் என்னிடம்தான் கேள்வி. பெட்ரோல் போடப் போனால் கேள்வி, முடிவெட்டப் போனால் கேள்வி. கோயிலில் குருக்கள் விபூதித் தட்டை என் முன்னால் நீட்டிக்கொண்டே, "நிக்கிறாராப்பா?" என்றார். காரின் முன்சீட்டில் இருப்பவனுக்குப் பின்சீட்டில் நடப்பதெல்லாம் தெரியும் என்று நினைப்பு. உண்மையில் அவர் பின்சீட்டில் தூங்குவார். அதைச் சொன்னால் யாரும் நம்பவில்லை. "அண்ணே ரொம்ப விவரம், வாயே தொறக்க மாட்டாரு" என்று எனக்கு ஒரு பேர் வந்துவிட்டது.

என் கணக்கு எனக்கு இருந்தது. கம்பம் என்கிற மலாய்க் கிராமங்களில் இருப்பவர்களுக்கு அவரைப் பிடிக்கும், நோன்புப் பெருநாளுக்கு வீடு வீடாகப் போய் உட்காருகிறவர். ஜெஞ்சாரோம் பக்கத்துச் சீனக் கடைக்காரர்கள்தான் கஷ்டம். ஆனால் அவர்களும் அவர் லோரி வைத்திருந்த காலத்திலிருந்து பழக்கம். எஸ்டேட் ஓட்டுகள் கரைந்துகொண்டிருந்தன. தோட்டத்தை விற்று வீடு கட்டுகிறார்கள், நம் ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறிவிட்டார்கள். அப்படிச் சிதறியவர்களும் சாவென்றால் அவருக்குத்தான் போன் போடுகிறார்கள். நின்றால் ஜெயிப்பார் என்றுதான் எனக்குப் பட்டது. இரவு சாப்பிடும்போது என் மனைவி கமலாவிடம் இதையெல்லாம் விரல் விட்டு எண்ணிச் சொன்னேன்.

"கணக்கெல்லாம் சரி. உங்க ஓட்டு?" என்றாள்.

எனக்கு ஓட்டு இல்லை. அதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

3

எங்கள் வீட்டில் நான் மட்டும் சிவப்பு. கமலா கிள்ளானில் பிறந்தவள், மகள் மாலதியும் இங்கேதான் பிறந்தாள். அவர்களுக்கு நீல அடையாள அட்டை, குடிமக்கள். எனக்குச் சிவப்பு அட்டை. இருக்கலாம், உழைக்கலாம், வரி கட்டலாம், ஓட்டுப் போட முடியாது. பல வருடம் முன்னாலேயே நீலத்துக்கு எழுதிப் போட்டிருக்கலாம். ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டு தள்ளிப் போட்டேன். என்னைப்போல இங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பெட்டியைப் பரணில் வைக்காமல் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருப்பார்கள்.

நம் ஊரிலும் நான் ஓட்டுப் போட்டதில்லை. கப்பல் ஏறும்போது பத்தொன்பது வயது. அன்றைக்கு ஓட்டுரிமை இருபத்தொன்றில். அங்கே வயது வருவதற்குள் கிளம்பிவிட்டேன், இங்கே அட்டை வருவதற்குள் வயதாகிவிட்டது. ஓட்டுப் போட்டுவிட்டு வருகிற நாளில் அப்பா இடது கையால் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார், விரல் மை எல்லோருக்கும் தெரியட்டும் என்று. அம்மா "இதுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்பாள். அந்தக் குறும்பு எனக்குப் பிடிக்கும். எனக்கும் ஒரு நாள் வரும் என்று அப்போது நினைத்திருப்பேன்.

ஒய்.பி. பாராளுமன்றத்துக்கு நிற்கப் போகிறார் என்ற பேச்சு பலத்ததும் என் மனது மாறியது. இந்த ஆளுக்கு ஒரு ஓட்டுப் போடாமல் நான் என்ன மனிதன் என்று தோன்றியது. காரணம் அவ்வளவுதான். வேறு பெரிய யோசனை ஏதும் செய்யவில்லை. மனு எழுதிக் கொடுத்தேன். மலாய் மொழியில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள்.

மாலதிதான் எனக்கு வாத்தியார். வீட்டில் அவள் தமிழ் பேசுவது குறைந்து போயிருந்த காலம் அது. கல்லூரிச் சிநேகிதிகளோடு போனில் ஆங்கிலமும் மலாயுமாகக் கலந்து பேசுவாள். நான் கேட்டால் "ஓகேப்பா", "தெரியலப்பா" என்று இரண்டு வார்த்தைதான். இந்த நேர்காணல் புண்ணியத்தில் ஒரு மாதம் என் எதிரே தினமும் உட்கார்ந்தாள்.

"அப்பா, 'லூ'ன்னு சொல்லவே கூடாது. அது பாசார்ல மீன்காரன்கிட்ட பேசுறது. ஆபீசர் கோவிச்சுக்குவாரு."

"மீன்காரன் கோவிச்சுக்கலையே?"

"அப்பா!"

லூ என்றால் 'நீ'. கடையிலும் துறைமுகத்திலும் கற்ற மலாய் என்னுடையது. கேட்டதற்குப் பதில் சொல்லும், மரியாதை தெரியாது. அதற்கு மரியாதை கற்றுக்கொடுப்பதற்குள் அவளுக்கு மூச்சு முட்டிவிட்டது. ஆனால் அந்த மாதம் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் இருந்தது. கமலா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

நேர்காணல் அன்று ஒய்.பி. என்னோடு வந்தார். "நீ போய் உள்ள உக்காரு, நான் கார்ல இருக்கேன்" என்றார். உள்ளே வந்து ஒரு வார்த்தை சொன்னால் வேலை சுலபமாகுமே என்று எனக்கு ஆசை. அவர் காரைவிட்டு இறங்கவே இல்லை.

"நான் உள்ள வந்தா நீ பாஸ் பண்ணினது யாருக்குய்யா தெரியும்? ஒய்.பி. வாங்கிக் குடுத்தாருன்னுதான் சொல்லுவாங்க. நீயே போ."

அதிகாரி நல்ல மனிதர். பெயர், ஊர், வேலை எல்லாம் கேட்டார். லூ வராமல் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னேன். பிறகு, உங்கள் பகுதிச் சட்டமன்ற உறுப்பினர் யார் என்று கேட்டார். பொது அறிவுக் கேள்வி. எனக்குப் பதற்றத்தில் பெயர் வரவில்லை. எத்தனையோ வருடமாக ஒய்.பி. என்று கூப்பிட்டே பழகிய வாய். "அடா டி பாவா, என்சிக். டாலாம் கெரேத்தா" என்றேன். கீழே இருக்கிறார் ஐயா, காரில்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எழுந்து போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கீழே மரத்தடியில் எங்கள் கார். டிரைவர் சீட்டில் மாநில ஆட்சிக்குழு உறுப்பினர், பத்திரிகையால் விசிறிக்கொண்டு. அதிகாரி திரும்பி வந்து உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் அதிகம் கேட்கவில்லை.

அட்டை கிடைக்கப் பல மாதம் ஆனது. அதற்கு முன்னால் இந்தியக் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. மாலதி கூட வந்தாள். தூதரக அலுவலகத்தில் இருந்தவர் தமிழர். "யோசிச்சுத்தானே செய்றீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கடவுச்சீட்டின் மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டினார். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் அழுதுவிட்டேன். இவ்வளவு அழுகை வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. அப்பா அம்மா போய்விட்டார்கள், வீடு தம்பிக்கு என்று ஆகிவிட்டது, இருந்தும் அழுதேன்.

"அப்பா, அழுறீங்களா?" என்று கேட்டாள் மாலதி. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு இறங்கிப் போய், துருவிய ஐஸில் பாகு ஊற்றித் தருகிற ஐஸ் கச்சாங் இரண்டு வாங்கி வந்தாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊசி போட்டுவிட்டு வந்தால் நான் அவளுக்கு அதைத்தான் வாங்கிக் கொடுப்பேன்.

கமலா விடுவாளா? "ஒரு ஓட்டுக்கு நாட்டையே குடுத்துட்டு வந்திருக்காரு உங்கப்பா" என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லி வைத்தாள். வாக்காளர் பட்டியலில் பேர் ஏறியது தெரிந்த அன்று மட்டும் பாயசம் வைத்தாள்.

4

இப்போது சேகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்சிக் கிளையின் செயலாளர். துறுதுறுப்பான பையன், நல்ல பேச்சாளன், ஒய்.பி.யை அப்பா என்று கூப்பிடுகிறவன். ஒரு நாள் என்னிடம் வந்து, "அண்ணே, ஒய்.பி.க்குப் பாராட்டு விழா வைக்கிறோம். சட்டமன்றத்துலேருந்து விடை குடுத்து, பாராளுமன்றத்துக்கு அனுப்பி வைக்கிறோம்" என்றான்.

"இன்னும் வேட்பாளர் யாருன்னு சொல்லலையே சேகர். சொன்னப்புறம் வைக்கக் கூடாதா?"

"எல்லாம் கன்ஃபர்ம்லா அண்ணே. சொன்னப்புறம் வச்சா எல்லாரும்தான் வைப்பாங்க. நாம முந்திக்கணும்."

இந்த முந்திக்கொள்ளுகிற வியாதி நம் ஆட்களுக்கே உரியது. இங்கே ஒருவருக்குப் பதவி வருகிறது என்று காற்றுவாக்கில் கேட்டால் போதும், கோயில் கமிட்டி, விளையாட்டுக் கழகம், இளைஞர் பிரிவு என்று மாலைக்குச் சொல்லிவிடுவார்கள். முதல் மாலை யாருடையது என்பதில் சண்டையே நடக்கும். இரண்டாவதாகப் போட்டவன் முகத்தை ஒரு வருடம் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான். பதவி உண்மையிலேயே வந்ததா என்பதைப் பற்றி யாருக்கும் அவசரம் கிடையாது.

ஒய்.பி. வேண்டாம் என்றுதான் சொன்னார். சேகர் விடவில்லை. மண்டபம் பிடித்து, மூன்று மொழியில் பதாகை கட்டி, 'நாடாளுமன்றம் செல்லும் எங்கள் நாயகரே' என்று போட்டுவிட்டான். ஒய்.பி. காரில் இருந்தபடியே அதைப் படித்தார். "வண்டியத் திருப்பலாமாய்யா?" என்று என்னிடம் கேட்டார். நான் பின்னோக்கிக் கியர் போட்டேன். அதற்குள் வாசலில் ஒரு அம்மா காரை நோக்கி வந்துவிட்டார். டெங்கில் பக்கத்து எஸ்டேட்காரர், கணவன் சாவுக்கு ஒய்.பி. கொட்டகைக் கயிறு கட்டினாரே, அந்த வீடு. தானே கட்டிய சாமந்தி மாலை கையில். கண்ணாடியில் தட்டி, "எங்களை விட்டுட்டுப் போறீங்களாமே ஐயா. நல்லாப் போய்ட்டு வாங்க" என்று சொல்லும்போதே அழுதுவிட்டார். ஒய்.பி. கதவைத் திறந்து இறங்கினார். அந்த மாலைக்குக் கழுத்தை நீட்டிய பிறகு திரும்பிப் போக முடியுமா?

மேடையில் மாலை மாலையாக விழுந்தது. பொன்னாடைகளை நான்தான் மடித்துக் காரில் கொண்டுபோய் வைத்தேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வாழ்த்துப்பா படித்தார், அதில் ஒய்.பி. பாராளுமன்றத்தில் ஏற்கெனவே இரண்டு தடவை முழங்கிவிட்டார். பிறகு கிளைத் தலைவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, காலியாகும் சட்டமன்ற இடத்துக்குச் சேகரையே நிறுத்த வேண்டும் என்று பேசினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். ஒய்.பி.யும் தட்டினார். நான் பின்வரிசையில் நின்றுகொண்டு சேகர் முகத்தைப் பார்த்தேன். அவன் குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தான். தன் பேரைச் சொல்லப் போகிறார்கள் என்று அவனுக்கு முன்பே தெரியுமா, தெரியாதா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் தமிழ்ப் பத்திரிகையில் பெரிய படம் வந்தது. கழுத்து தெரியாத அளவுக்கு மாலையோடு ஒய்.பி.

5

அடுத்த சில நாளில் கோலாலம்பூரிலிருந்து கட்சித் தலைமையகம் கூப்பிட்டது. நான் கீழே காரில் இருந்தேன். மேலே போன ஒய்.பி. சீக்கிரமே திரும்பி வந்தார். பின்கதவைத் திறக்காமல் முன்சீட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"பிரிக்பீல்ட்ஸ் போய்யா. டீ குடிப்போம்."

டீ வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்.

"பெரியவரு உடம்பு தேறிட்டாராம். பாராளுமன்றத்துக்கு அவரே நிக்கிறாராம்."

"அப்ப நீங்க நம்ம சட்டமன்றத்துக்கே..."

"அது சேகருக்கு. ஊரே கூடிக் கேட்டிருக்கு, நானும் கை தட்டியிருக்கேன், பத்திரிகையில படமே வந்திருக்கு. 'நீங்கதான் விடை வாங்கிட்டீங்களே'ன்னு கேக்குறாங்க. நான் அவசரப்பட்டுட்டேனாம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நீங்களா அவசரப்பட்டீங்க? ஊருதான் அவசரப்பட்டுச்சு. அந்தச் சேகர் பய திட்டம் போட்டே கவுத்துட்டான்!" என்று கத்தினேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சும்மா இருய்யா. அவன் ஆசையாச் செஞ்சான். அந்தம்மா மாலை கட்டிட்டு வந்துச்சே, அதுவும் திட்டமா? எல்லாரும் ஆசையாத்தான் செஞ்சாங்க."

அவர் டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். கண் சிவந்திருந்தது. கட்சியை விட்டு வெளியே வந்து தனியாக நில்லுங்கள், சாவு வீட்டு ஜனங்கள் எல்லாம் உங்களுக்குத்தான் போடுவார்கள் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். "என்னைய நிக்க வச்சதும் இந்தக் கட்சிதான்யா. நான் அப்படிச் செய்யமாட்டேன். நீ ஒண்ணு செய். உன் ஓட்ட வீணாக்காம சேகருக்குப் போடு."

இது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிறந்த நாட்டின் கடவுச்சீட்டை வெட்டக் கொடுத்து நான் வாங்கிய ஓட்டு. அது யாருக்காக வாங்கியதோ அவர் நிற்கவில்லை. அவருடைய நாற்காலியில் உட்காரப் போகிறவனுக்கு அதைப் போடு என்று அவரே சொல்கிறார். வீட்டுக்கு வந்து, நான் ஓட்டே போடப் போவதில்லை என்று அறிவித்துவிட்டேன்.

கமலா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "நாட்டையே குடுத்து வாங்கின ஓட்டு. வீட்டுல வச்சு பூசையா பண்ணப் போறீங்க?" என்றாள்.

மாலதிக்கு ஓட்டுப் போட வயது வந்துவிட்டது. ஆனால் அவள் தன் பேரைப் பதியவே இல்லை. சும்மா கிடைக்கிற உரிமை, அதற்கு ஒரு நாள் லீவு போட அவளுக்கு மனம் வரவில்லை. "ஒரு ஓட்டுல என்னப்பா மாறிடும், சோ வாட்லா" என்பாள் எப்போதும். அன்றைக்கு அவள் அதைச் சொல்லவில்லை. "நான் உங்களக் கூட்டிட்டுப் போறேன்பா" என்றாள்.

6

ஓட்டுச்சாவடி எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்தில். இங்கே பள்ளி வாசலுக்குச் சற்றுத் தள்ளி ஒவ்வொரு கட்சியும் ஒரு கூடாரம் போட்டிருக்கும். ஓட்டுப் போட வருகிறவர்கள் முதலில் அங்கே போவார்கள். மேசையில் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு கட்சி ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். நம் பேரைத் தேடி, வரிசை எண்ணையும் அறை எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். வெயிலில் கூடாரத் துணிக்குக் கீழே உட்காருகிற வேலை. கட்சியில் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குத்தான் கொடுப்பார்கள்.

மாலதி என்னை இறக்கிவிட்டு வண்டியை நிறுத்தப் போனாள். நான் கூடாரத்தை நோக்கி நடந்தேன். மேசைக்குப் பின்னால் ஒய்.பி. உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. ஒரு அடிக்குச்சியைப் பட்டியலில் வைத்து வரிவரியாக இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே நேரம் சேகரின் கார் அந்த வழியாகப் போனது. உள்ளே இருந்து கும்பிட்டான். ஒய்.பி.யும் கையைத் தூக்கிக் கும்பிட்டுவிட்டு மறுபடி பட்டியலில் குனிந்தார்.

எனக்கு அங்கேயே நின்று அழலாம்போல இருந்தது. வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

"அடையாள அட்டை குடுங்க ஐயா" என்றார் தலையைத் தூக்காமல். நீட்டினேன். புதிய நீல அட்டை. வாங்கிப் பார்த்தவர் நிமிர்ந்தார். குச்சியைப் பட்டியலின் மேலிருந்து கீழே இறக்கினார். ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம். பேர் விட்டுப் போயிருந்தால்? குச்சி நின்றது.

"முத்தையா அனாக் லெலாக்கி வேலாயுதம்" என்று சத்தமாகப் படித்தார். வேலாயுதத்தின் மகன் முத்தையா. "இருக்குய்யா! உம் பேரு இருக்கு! இங்க பாரு!"

அவ்வளவு சந்தோஷத்தை அந்த முகத்தில் அவர் ஜெயித்த நாளில்கூட நான் பார்த்ததில்லை. பக்கத்தில் இருந்த பையன்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "இவருக்கு இதான் முதல் ஓட்டு, தெரியுமா?" என்றார். துண்டுத் தாளில் எண்ணை எழுதி என் கையில் கொடுத்தார். "மூணாவது ரூமு. பென்சில நல்லாப் புடி, கை நடுங்கப் போவுது." யாருக்குப் போடு என்று சொல்லவில்லை.

அறையில் ஒரு பெண் என் பேரை உரக்கப் படித்தார், ஏஜெண்டுகள் தங்கள் பட்டியலில் கோடு போட்டார்கள். விரலை நீட்டப் போனேன். இங்கே மை வைப்பதில்லை. இரண்டு தாள் கொடுத்தார்கள், ஒன்று பாராளுமன்றத்துக்கு, ஒன்று சட்டமன்றத்துக்கு. மறைப்புக்குப் பின்னால் போய் விரித்தேன். எனக்குத் தெரியும், இருந்தும் இரண்டிலும் ஒய்.பி.யின் பேரைத் தேடினேன். ஓரத்தில் எழுதிவிடலாமா என்றுகூட இருந்தது. எழுதினால் ஓட்டுச் செல்லாது. எவ்வளவு நேரம் நின்றேனோ, அதிகாரி இருமினார். வெளியே வெயிலில் அந்த மனிதர் எதற்காக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இங்கே பேருக்கு நேரே பெருக்கல் குறி போட்டால்தான் ஓட்டு, பெரியவருக்கு ஒன்று போட்டேன். சேகர் பேருக்கு நேரே பென்சிலை அழுத்தி, தாள் கிழிந்துவிடும்போலப் பெருக்கல் குறி போட்டேன். அவன் ஜெயிப்பான் என்று எல்லோருக்கும் தெரியும், ஜெயிக்கவும் செய்தான். என் ஓட்டு இல்லாவிட்டாலும் ஜெயித்திருப்பான். ஆனாலும் அது என் ஓட்டு, கோபத்தோடு போட்ட ஓட்டு.

வெளியே வந்தேன். கூடாரத்தில் கூட்டம் கொஞ்சம் குறைந்திருந்தது. மாலதி அவர் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"போட்டாச்சாய்யா?"

"போட்டாச்சு ஒய்.பி."

அவர் சிரித்தார். "இன்னும் என்னய்யா ஒய்.பி.? சட்டமன்றம் கலைஞ்சு எத்தன நாளாச்சு. இனிமே சேகரத்தான் அப்படிக் கூப்பிடணும்."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ. மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு சொன்னேன்.

"எனக்கு இப்ப இந்த நாட்டுல ஓட்டு இருக்கு. யார ஒய்.பி.ன்னு கூப்பிடணும்னு நான்தான் முடிவு பண்ணணும். நீங்க இல்ல."

அவர் எனக்குப் பின்னால் நின்ற ஆன்ட்டியின் அட்டையை வாங்கிக்கொண்டு, குனிந்து பேரைத் தேட ஆரம்பித்தார். ரொம்ப நேரம் தேடினார். "அங்கிள், அது வேற பக்கம்" என்று சொல்லி, மாலதிதான் தாளைப் புரட்டிக் கொடுத்தாள்.